மகளின் கட்டிலுக்குக் கீழே ஒரு நரித்தலை

வெள்ளவத்தைத் தாய்:
நேற்று வீடு கூட்டும்போது மகளின் கட்டிலுக்குக் கீழே ஒரு நரித்தலை கிடந்தது. ஸ்பொஞ்சை வெட்டி அடுக்கடுக்காக ஒட்டி, அதன்மேல் செம்மஞ்சள் ரோமத்துணியைப் பாதிவரை தைத்திருக்கிறாள். ஒரு காது குண்டூசியில் தொங்குகிறது. கண் வரவேண்டிய இடத்தில் நுளம்பு வலைத் துண்டு, அதில் கருவிழி வரைந்திருக்கிறாள். கைச்செலவுக்குக் கொடுத்த காசைச் சேர்த்துப் புறக்கோட்டையில் துணி வாங்கினாளாம். கேட்டதற்கு, "அம்மா, நான் ஃபர்ரி" என்றாள். வயது 16. சாதாரண தரப் பரீட்சைக்கு ஐந்து மாதம்தான் இருக்கிறது. கனடாவில் இருக்கும் தம்பியிடம் கதைத்தேன். அங்கே பூனையாக மாறிவிட்டோம் என்று சொல்லும் பிள்ளைகளுக்குப் பாடசாலைக் கழிப்பறையில் பூனைகள் மலசலம் கழிக்கும் மண்பெட்டி வைக்கிறார்களாம், உடனே எரித்துவிடு என்கிறான். இரவு முழுவதும் நித்திரை இல்லை. இது நோயா? விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை ஆசிரியர்:
எரிக்காதீர்கள் அம்மா. ஆனால் பரீட்சை முடியும்வரை அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். 32 வருடம் வகுப்பறையில் நின்றவன் சொல்கிறேன்: ஒரு பிள்ளை வேறு பெயரும் வேறு முகமும் தேடுகிறாள் என்றால், தன் பெயரிலோ முகத்திலோ ஏதோ ஒன்று அவளை வருத்துகிறது. அது என்னவென்று கேட்காமல் ரோமத்துணி வாங்கிக் கொடுப்பது, புண்ணைக் கழுவாமல் பட்டுத்துணியால் கட்டுவது. இன்னொன்று, இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பவர் யார்? இணையத்தின் மறுபக்கத்தில் இருப்பவரின் வயது உங்களுக்குத் தெரியுமா?

தெஹிவளை நரி:
அக்கா, நானும் ஃபர்ரிதான். வயது 27, கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். முதலில் அந்த மண்பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், உங்கள் நித்திரையைக் கெடுத்தது அதுதான். அது வதந்தி. 2021 ஒக்டோபரில் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் இதே கதை பரவியபோது கல்வி அதிகாரிகளே முன்வந்து மறுத்தார்கள். அடுத்த வருடம் அமெரிக்காவில் தேர்தல் மேடைகளில்கூட இதைப் பேசினார்கள். தேடிப்போன செய்தியாளர்களுக்கு அப்படியொரு பாடசாலை எங்குமே அகப்படவில்லை.

ஃபர்ரி என்றால் மனிதரைப் போல நடந்து, பேசி, உடை உடுத்தும் விலங்குப் பாத்திரங்களை நேசிக்கும் இரசிகர். அவ்வளவுதான். பலர் தமக்கென ஒரு விலங்குப் பாத்திரத்தைப் படைத்துக்கொள்வார்கள், அதை ஃபர்சோனா என்கிறோம். ஓநாய், நரி, நாய், புலி, டிராகன் என்று அவரவர் விருப்பம். எங்களில் பெரும்பாலானோரிடம் தலை முதல் கால்வரை மூடும் விலங்கு வேடமான முழு உடையே கிடையாது. வரைகிறோம், கதை எழுதுகிறோம், நண்பர்களோடு அந்தப் பாத்திரமாகக் கதைக்கிறோம். தன்னை உள்ளூர ஒரு விலங்காகவே உணர்பவர்களும் உண்டு, அவர்களை தேரியன் என்பார்கள். இரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்பதால்தான் பாதிக் குழப்பம்.

இது நேற்று முளைத்ததும் அல்ல. 1980இல் பொஸ்டனில் நடந்த அறிவியல் புனைகதை மாநாட்டில் ஸ்டீவ் கலாச்சி என்ற ஓவியரின் விலங்குப் பாத்திரத்தைச் சுற்றிச் சிலர் கூடிப் பேசியதைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள். 1989இல் கலிபோர்னியாவின் கொஸ்டா மேசாவில் ஃபர்ரிகளுக்கென்றே நடந்த முதல் தனிக்கூட்டத்துக்கு 65 பேர்தான் வந்தார்கள். 2023இல் சிக்காகோவுக்குப் பக்கத்தில் நடந்த கூட்டத்துக்கு 15,000 பேருக்குமேல் வந்தார்கள். கேத்லீன் கெர்பாசி, கோர்ட்னி பிளான்ட் போன்ற உளவியலாளர்கள் பல வருடங்களாக எங்களிடம் கேள்வி கேட்டு ஆராய்கிறார்கள். இதை ஒரு நோய் என்று அவர்கள் சொல்லவில்லை.

மருதானை வாசகி:
ஐந்து மாதத்தில் பரீட்சை என்றால் என் வீட்டில் நரிக்கும் இடமில்லை, தொலைபேசிக்கும் இடமில்லை. ஆனால் 16 வயதில் ஸ்பொஞ்சில் முகம் செதுக்கும் கை எல்லோருக்கும் வாய்க்காது. தலையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கொட்டாஞ்சேனை ஆசிரியர்:
தம்பி நல்ல பக்கத்தை மட்டும் காட்டுகிறார். பேரப்பிள்ளையைக் கேட்டு நானும் தேடிப் பார்த்தேன். முழு உடை ஒன்று சில ஆயிரம் அமெரிக்க டொலர். நம் வீடுகளில் அது ஒரு வருடச் சம்பளம். அதைவிட மோசம், பிள்ளைகள் பார்க்கக்கூடாத படங்கள் அந்த வட்டத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. அதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

தெஹிவளை நரி:
ஒளிக்கவில்லை ஐயா, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வயது வந்தோருக்கான ஓவியம் எங்கள் வட்டத்தில் நிறைய உண்டு. முறையான தளங்கள் வயதுக் கட்டுப்பாடு வைத்தாலும் பொய் வயது சொல்லி நுழைவது எளிது. அக்கா, மகள் எந்தக் குழுக்களில் இருக்கிறாள், யாரோடு கதைக்கிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இதில் ஐயாவோடு எனக்கு வாதமே இல்லை.

ஆனால் அந்த அழுக்கு மட்டும்தான் நாங்கள் என்பதை ஏற்கமாட்டேன். 2014 டிசம்பரில் சிக்காகோ கூட்டம் நடந்த ஹோட்டலில் யாரோ குளோரின் வாயுவைப் பரவவிட்டார்கள். 19 பேரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். செய்தியை வாசித்த தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஒருவர் சிரித்தபடி நேரலையிலிருந்து எழுந்து போய்விட்டார். அந்தக் காட்சியை நான் இருபதாவது வயதில் பார்த்தேன். நச்சுவாயு போட்டாலும் சிரிக்கத்தான் செய்வார்கள் என்று தெரிந்த பிறகு, அலுவலகத்தில் ஒருவரிடமும் நான் வாய் திறந்ததில்லை. உங்கள் மகள் கேட்ட உடனே உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்று எனக்குத் தெரியும்.

பம்பலப்பிட்டி இரசிகன்:
இதில் அந்நியம் என்ன இருக்கிறது? வேட்டைக்குப் போன நரிகளைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லாத கதையா? நரசிம்மம், அனுமன், புலிக்கால் கொண்ட வியாக்கிரபாதர், ஊர்வலத்தில் புலியாட்டம், போதிசத்துவர் குரங்காகவும் மானாகவும் பிறந்த ஜாதகக் கதைகள், அம்பலாங்கொடை முகமூடிகள். நாம் எல்லோரும் பிறவி ஃபர்ரிகள்தான்.

தெஹிவளை நரி:
அண்ணா, அன்பாகச் சொல்கிறீர்கள், ஆனாலும் உடன்படமாட்டேன். அனுமனை நாம் கும்பிடுகிறோம். புலியாட்டக்காரரின் புலி ஊருக்குப் பொதுவானது, அவருக்கு முன்பும் ஆடினார்கள், பின்பும் ஆடுவார்கள். என் நரி நான் உண்டாக்கியது. அதன் வலக்காதில் ஒரு வெட்டு இருக்கிறது, ஏனென்று எனக்கு மட்டும்தான் தெரியும். கோயிலைக் காட்டித்தான் இதற்கு அனுமதி கேட்கவேண்டும் என்றால், நாளை யாராவது கோயிலைக் காட்டியே தடுப்பார்கள்.

கொட்டாஞ்சேனை ஆசிரியர்:
அதைத்தான் நானும் கேட்கிறேன் தம்பி. ஏன் அந்த வெட்டு? சொல்லவேண்டாம், உங்கள் விருப்பம். ஆனால் உங்கள் நரியின் காதிலும் ஒரு காயம் இருக்கிறது அல்லவா? அந்தப் பிள்ளையிடம் ஒருமுறை கேளுங்கள் அம்மா. திட்டாமல் கேளுங்கள்.

வெள்ளவத்தைத் தாய்:
கேட்டேன். நரிக்குப் பெயர் செம்பி. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் மகளுக்குத் திக்கும். மூன்று வருடமாக இரண்டு பிள்ளைகள் அதைப் பழித்துக்காட்டுகிறார்கள். எனக்குத் தெரியாது. வீட்டில் கொஞ்சம்தான் திக்குவாள், நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஸ்பொஞ் தலையைப் போட்டுக்கொண்டு எனக்கு ஒரு பத்தி வாசித்துக் காட்டினாள். இரண்டு இடத்தில் மட்டும்தான் நின்றாள். ஐயா, நீங்கள் சொன்னதுபோல் ஒரு காயம் இருந்தது. தம்பி, அதற்கு அவள் தானே மருந்து தேடியிருக்கிறாள். தொலைபேசியையும் ஒன்றாகப் பார்த்தோம். ஒரு குழுவிலிருந்து விலகச் சொன்னேன், விலகினாள்.

கொட்டாஞ்சேனை ஆசிரியர்:
திக்குவதற்குப் பேச்சுச் சிகிச்சையாளரிடம் கூட்டிப்போங்கள், பெரிய அரச வைத்தியசாலைகளில் இருக்கிறார்கள். பழித்தவர்களைப் பற்றி அதிபரிடம் எழுத்தில் கொடுங்கள். தலையை அலுமாரியில் வைக்கும் யோசனையை நான் இன்னும் கைவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேண்டுமானால் வெளியே எடுக்கட்டும்.

வெள்ளவத்தைத் தாய்:
ஞாயிற்றுக்கிழமை என்று அவளும் ஒத்துக்கொண்டாள். தம்பி, ஒரு கேள்வி. காதைத் தைத்துக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். வெட்டினால் ரோமம் எல்லாம் கொட்டுகிறது, தையலும் பள்ளமாகத் தெரிகிறது. எப்படிச் செய்வது?

தெஹிவளை நரி:
கத்தரிக்கோல் வேண்டாம் அக்கா. துணியைக் கவிழ்த்து, பின்பக்கத் துணியை மட்டும் சவர பிளேட்டால் கீறுங்கள், ரோமம் வெட்டுப்படாது. ரோமம் எந்தப் பக்கம் படிகிறது என்று தடவிப் பார்த்து இரண்டு துண்டையும் ஒரே திசையில் வையுங்கள். தைக்கும்போது விளிம்பு ரோமத்தை உள்ளே தள்ளிவிட்டுத் தையுங்கள். முடிந்ததும் ஊசி நுனியால் தையலில் சிக்கிய ரோமத்தை வெளியே இழுத்துச் சீப்பால் வாரினால் பள்ளம் மறைந்துவிடும். கொழும்பு வெக்கைக்கு அந்தத் தலைக்குள் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்க விடாதீர்கள், தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.