சியனாவின் காம்போ சதுக்கம்: தரை ஏன் சரிவு? பாலியோவை எங்கே நின்று பார்ப்பது?

கேள்வி:
ஜூலை 2 பாலியோ குதிரைப் பந்தயத்துக்கு இத்தாலியில் சியனா போகிறோம். பால்கனி டிக்கெட் நமக்குக் கட்டுப்படியாகாது. சதுக்கத்தின் நடுவில் இலவசமாக நிற்கலாமாமே, எந்த இடம் நல்லது? கூட வருவது அம்மாவும் 8 வயதுப் பையனும். அங்கே தரை கிண்ணம் போலக் குழிந்திருப்பது ஏன்?

பதில் 1:
சியனா மூன்று குன்று முகடுகளில் வளர்ந்த ஊர். மூன்றும் கூடும் பள்ளத்தில்தான் பழைய சந்தை இருந்தது. மழைத்தண்ணீர் தானாக இறங்கும் இடமென்பதால் அந்தச் சரிவை அப்படியே வைத்து விசிறி வடிவில் செங்கல் பதித்தார்கள், 1349-ல் முடிந்தது. வெண்கல் கோடுகள் பிரிக்கும் 9 பகுதிகள், அன்று ஆண்ட ஒன்பதின்மர் குழுவின் நினைவு. கோடுகள் எல்லாம் நகரமன்றத்தின் முன்னுள்ள வடிகாலில் போய்ச் சேரும், கவனித்துப் பாருங்கள். சுற்றியுள்ள வீடுகளின் முகப்பு ஒரே சீராகத் தெரிவதும் தற்செயல் இல்லை: ஜன்னல்களுக்குத் தூண் வேண்டும், பால்கனி கூடாது என்று 1297-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

பதில் 2:
மேட்டுப்பக்கம், ஃபோன்தே காயா நீரூற்றை ஒட்டிய தடுப்போரம் நில்லுங்கள். அங்கிருந்து தலைகளுக்கு மேலாகச் சான் மார்த்தீனோ வளைவு தெரியும். சுற்றுப்பாதையில் மண் கொட்டி இறுக்கியிருப்பார்கள். குதிரைகள் சரிவில் வேகமாக இறங்கிச் சட்டென்று வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடம் அந்த வளைவுதான். சேணமில்லாத சவாரி, ஆகையால் விழுவது பெரும்பாலும் அங்கேதான். அதற்காகத்தான் சுவரில் மெத்தை கட்டுகிறார்கள். ஒவ்வொரு குதிரையும் ஓடுவது ஊரின் ஒரு பேட்டைக்காக. ஆள் விழுந்தாலும் குதிரை முதலில் வந்தால் அதன் பேட்டைக்கே வெற்றி!

ஆனால் பையனை நடுவில் விடமாட்டார்கள், 12 வயதுக்குட்பட்டோருக்கு அனுமதியில்லை. அம்மாவையும் யோசித்துக்கொள்ளுங்கள். வாசல்களை அடைத்துவிட்டால் பந்தயம் முடியும்வரை வெளியே வரமுடியாது. உள்ளே கழிப்பறை கிடையாது, வெயில் கடுமை, ஊர்வலமே இரண்டு மணி நேரம் பிடிக்கும். அவர்கள் இருவரும் முந்தைய நாட்களின் சோதனை ஓட்டம் முடிந்ததும், பேட்டைக்காரர்கள் பாடிக்கொண்டே குதிரையை லாயத்துக்கு அழைத்துப்போவதைத் தெருவில் நின்று பார்க்கட்டும். அதுவும் பாலியோதான்.

பதில் 3:
மூன்று சுற்றும் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும், புறப்பாடுதான் இழுக்கும். ஒன்பது குதிரைகள் கயிற்றுக்குள் வரிசையாக நிற்க, பத்தாவது பின்னாலிருந்து பாய்ந்து வந்தால்தான் கயிறு விழும். எதிரிப் பேட்டைக்கு நல்ல இடம் அமைந்திருந்தால் பத்தாவது ஆள் வேண்டுமென்றே தாமதிப்பார். மண் நனைந்தால் ஓட்டம் மறுநாளுக்குப் போகும். அதற்கு அடையாளமாக நகரமன்ற ஜன்னலில் பச்சைக்கொடி தொங்கவிடுவார்கள். 3-ம் தேதி இரவுக்கும் சேர்த்தே அறை போடுங்கள்.