கோடையிலும் வெள்ளையாகவே திரியும் துருவ முயல், ஓநாய் கண்ணில் படாதா?

பாலக்கோட்டான்:
கனடாவின் வடகோடியில் இருக்கும் எல்ஸ்மியர் தீவில் எடுத்த வீடியோ ஒன்று பார்த்தேன். ஜூலை மாதமாம். பனி பெரும்பாலும் உருகிப்போய் தரையெல்லாம் பழுப்புக் கல்லும் பாசியுமாகக் கிடக்கிறது, அதற்கு நடுவில் ஒரு கூட்டம் முயல், அத்தனையும் பளிச்சென்று வெள்ளை. பனிப்பிரதேச முயல் குளிர்காலத்தில் வெள்ளை, கோடையில் பழுப்பு என்றுதான் பள்ளியில் படித்த ஞாபகம். நம்ம பக்கம் ராகிக் கொல்லையில் காட்டு முயல் படுத்திருந்தால் காலடியிலிருந்து எகிறி ஓடும் வரைக்கும் தெரியாது, அப்படி மண்ணோடு மண்ணாக இருக்கும். ஓநாய் உலாவுகிற இடத்தில் இது மட்டும் எதற்கு வேட்டி காயப்போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறது? அப்புறம் அங்கே மாதக்கணக்கில் சூரியனே வராதாமே, அப்போது வளைக்குள் போய்த் தூங்கிவிடுமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வீட்டில் பையன் கேட்டுக் கேட்டு உயிரை எடுக்கிறான்.

அஞ்செட்டி ரோடு:
எல்லாம் புவி வெப்பமாதல்தான் அண்ணா. பனி சீக்கிரம் உருகிவிடுகிறது, முயல் பாவம் இன்னும் நிறம் மாறவில்லை. எங்கேயோ படித்தேன்.

ஓசூர் ஏரிக்கரை:
அஞ்செட்டி தம்பி, நீங்கள் படித்தது வேறு முயல். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஊசியிலைக் காடுகளில் இருக்கும் ஸ்னோஷூ முயல் அது. பகல் நீளம் கூடுவதையும் குறைவதையும் வைத்துத்தான் அதற்கு முடி மாறும், பனி இருக்கிறதா இல்லையா என்பது கணக்கில் வராது. அதனால் பனி தாமதமாக விழும் வருடங்களில் வெள்ளை உடம்போடு காய்ந்த சருகில் மாட்டிக்கொள்கிறது, மொன்டானாவில் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. வீடியோவில் இருப்பது ஆர்க்டிக் முயல், மரமே இல்லாத தூந்திரப் பிரதேசத்துக்காரன். அதன் கதை வேறு.

இதே இனம்தான் தெற்கே, கனடாவின் கிழக்குக் கரையோரம் இருக்கும் லாப்ரடாரிலும் நியூஃபவுண்ட்லாந்திலும் இருக்கிறது. அங்கே உங்கள் பள்ளிப் பாடத்தில் வந்த மாதிரியே கோடையில் சாம்பலும் பழுப்புமாக மாறிவிடும். எல்ஸ்மியர், வட கிரீன்லாந்து போன்ற இடங்களில் மட்டும்தான் வருடம் முழுக்க ஏறக்குறைய வெள்ளை, காது நுனி மட்டும் கறுப்பு. காரணம் என்னவென்றால், அங்கே கோடை என்பதே ஆறிலிருந்து எட்டு வாரம். பழைய முடி உதிர்ந்து புது முடி வரவே வாரக்கணக்கில் ஆகும், பழுப்பாகி முடிப்பதற்குள் மறுபடி பனி வந்து நிற்கும். உடம்பில் இருக்கிற சத்தை அதில் செலவழிப்பதைவிட மேய்ந்து கொழுப்புச் சேர்ப்பது லாபம். மேட்டுச் சரிவுகளில் அங்கங்கே கோடையிலும் பனித்திட்டு கிடக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓநாய்க்குத் தெரியாதா என்றால், தெரியும், நன்றாகவே தெரியும். இந்த முயல் ஒளிந்து பிழைப்பதை நம்பி இல்லை, ஓடிப் பிழைக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வரை ஓடும், வளைந்து வளைந்து மேட்டில் ஏறும், சில நேரம் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு பின்னங்காலில் மட்டுமே கங்காரு மாதிரி தத்தித் தத்திப் போகும். பத்துப் பதினைந்தில் ஆரம்பித்து நூற்றுக்கணக்கில் கூட்டமாக மேய்வதும் இதனால்தான் இருக்க வேண்டும், எந்தப் பக்கம் ஆபத்து வந்தாலும் ஏதாவது ஒன்றின் கண்ணில் பட்டுவிடும். நம்ம ஊர் முயல் தனியாக, புதரை நம்பி வாழ்கிறது. அங்கே புதருக்கு எங்கே போவது? செடியெல்லாம் கணுக்கால் உயரம்கூட இல்லை.

இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமாக: தூங்காது. குளிர்காலம் முழுக்க விழித்துத்தான் இருக்கும். அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை சூரியன் உதிக்காத, பிப்ரவரி சராசரியே மைனஸ் 33 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், எல்ஸ்மியரின் வடமுனையான அலெர்ட் பகுதியிலும் இவை இருக்கின்றன. காற்று அடித்துப் பனியைச் சன்னமாக்கிய சரிவு எது என்று பார்த்து, நகத்தால் தோண்டி, தரையோடு படர்ந்த ஆர்க்டிக் வில்லோ என்ற குட்டைச் செடியின் குச்சியையும் வேரையும் தின்னும். தாகத்துக்குப் பனியைத்தான் தின்னும். காற்று ரொம்பக் கடுமையானால் பனியில் ஒரு பள்ளம் தோண்டி அதில் ஒடுங்கிக்கொள்ளும். காது குட்டை, உடம்பு உருண்டை, முடி அடர்த்தி, அதோடு அதே எடையுள்ள மற்ற விலங்குகளைவிட உடம்பு எரிக்கும் சக்தியும் குறைவு. எடை 4, 5 கிலோ இருக்கும், 7 கிலோ வரைகூடப் போகும்.

மொரப்பூர் முயல்பண்ணை:
7 கிலோவா! எங்கள் பண்ணையில் 3 கிலோ தேறினாலே நல்ல முயல்.

ஒரு சந்தேகம் ஓசூர் சார். பெரிய முயல் ஓடித் தப்பிக்கும், சரி. குட்டி என்ன செய்யும்? எங்களிடம் பிறப்பதெல்லாம் முடியில்லாமல், கண் திறக்காமல், தாய் பிய்த்துப் போட்ட முடிக்குள் புதைந்து கிடக்கும், கண் திறக்கவே பத்து நாள் ஆகும். அந்தக் குளிரில் இப்படிப் பிறந்தால் அன்றைக்கே முடிந்தது.

ஓசூர் ஏரிக்கரை:
நீங்கள் வளர்ப்பது ஐரோப்பியக் குழிமுயல் வம்சம், அது வளைக்குள் குட்டி போடும். நம்ம ஊர்க் காட்டு முயலோ துருவ முயலோ, குட்டி முடியோடும் திறந்த கண்ணோடும் வெட்டவெளியில்தான் பிறக்கும். ஆர்க்டிக் முயல் வருடத்துக்கு ஒரே ஈற்று, கோடைத் தொடக்கத்தில், நாலைந்து குட்டி, சில சமயம் எட்டு வரை.

பாலக்கோட்டார் கேள்விக்குச் சரியான பதில் இந்தக் குட்டியிடம்தான் இருக்கிறது, நான் முதலிலேயே எழுதியிருக்கலாம். எல்ஸ்மியரிலும் குட்டி வெள்ளை கிடையாது. சாம்பல் நிறம், அச்சு அசல் அங்கே கிடக்கும் கல் மாதிரியே. ஓட முடியாத வயதில் கல்லோடு கல்லாக அசையாமல் படுத்துக்கொள்ளும், கோடை முடிகிற நேரத்தில் வெள்ளையாகும். ஆக அந்த இனத்துக்கு ஒளியும் வித்தை தெரியாமல் இல்லை, யாருக்குத் தேவையோ அவர்களுக்கு மட்டும் இருக்கிறது.

தாயும் குட்டிகளோடு சும்மா சுற்றி ஆபத்தைக் கூட்டிக்கொண்டு வராது. கொஞ்சம் வளர்ந்ததும் குட்டிகள் தனித்தனியாகப் பிரிந்து கிடக்கும், சுமார் 19 மணி நேரத்துக்கு ஒரு முறை குறிப்பிட்ட ஓர் இடத்தில் வந்து கூடும், தாய் வந்து ஓரிரு நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். கோடையில் சூரியன் மறையாமல் இரவு பகல் இல்லாத அந்த வெளிச்சத்தில் அதற்கு நேரம் எப்படித் தெரிகிறது என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். இத்தனைக்குப் பிறகும் ஓநாயும் ஆர்க்டிக் நரியும் பனி ஆந்தையும் நிறையக் குட்டிகளைப் பிடித்துத் தின்கின்றன, அது வேறு விஷயம்.

பாலக்கோட்டான்:
அருமை சார், குட்டி விஷயம் பையனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த கேள்வி கேட்கிறான், தளி பக்கம் குளிராகத்தானே இருக்கிறது, அங்கே கொண்டுவந்து விட்டால் வளருமா என்று.

மொரப்பூர் முயல்பண்ணை:
இதற்கு நான் சொல்கிறேன். ஏப்ரல், மே மாதத்தில் எங்கள் கொட்டகையில் ஈரச் சாக்கு கட்டி, மதியத்தில் தண்ணீர் தெளித்தும் சாதா வெள்ளை முயலே மூச்சு வாங்கிப் படுத்துவிடும், கடாவெல்லாம் வெயில் காலத்தில் சினைப் பிடிக்க வைக்காது. தளியிலும் மைனஸ் எல்லாம் வராது சார். நம்ம காட்டு முயலுக்கு அந்தப் பெரிய காது எதற்கு, உடம்புச் சூட்டை வெளியே விடத்தானே. அவ்வளவு முடியும் குட்டைக் காதும் வைத்துக்கொண்டு இங்கே வந்தால் வெந்துவிடும்.

அஞ்செட்டி ரோடு:
7 கிலோ என்றால் ஒரு குடும்பத்துக்கே விருந்து 😄

ஓசூர் ஏரிக்கரை:
அங்கே பூர்வகுடிகளான இன்யூட் மக்கள் காலங்காலமாக வேட்டையாடிச் சாப்பிடுகிறவர்கள்தான், தோலைக் காலுறைக்கும் பயன்படுத்தினார்கள். இங்கே அந்த ஆசையில் கண்ணி வைத்துவிடாதீர்கள் தம்பி, காட்டு முயலைப் பிடிப்பது 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அஞ்செட்டிக் காட்டில் வனத்துறை கண்ணில் பட்டால் ஜாமீனுக்கு அலைய வேண்டியிருக்கும்.

பையனுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். 2019இல் அலெர்ட் பகுதியில் கியூபெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முயல்களுக்குச் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் காட்டும் கழுத்துப்பட்டை கட்டி விட்டார்கள். அதில் ஒரு பெண் முயல் 49 நாளில் குறைந்தது 388 கிலோமீட்டர் போயிருக்கிறது. முயல் பிறந்த இடத்தைச் சுற்றியே வாழும் என்றுதான் அதுவரை பொதுவாக நினைத்திருந்தார்கள்.

பாலக்கோட்டான்:
388ஆ? தர்மபுரியிலிருந்து சென்னையைத் தாண்டிப் போய்விடும் போலிருக்கிறதே. எதற்காம், தீனி தேடியா?

ஓசூர் ஏரிக்கரை:
பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அந்தப் பகுதி முயல்களில் பல தென்மேற்கே ஹேசன் ஏரிப் பக்கம் போயின, அலெர்ட்டை ஒப்பிட்டால் அங்கே செடி கொடி அதிகம். தீனி விஷயத்தில் இவை ரொம்பக் கூச்சம் பார்க்காதவை, பொறியில் வைத்த இறைச்சியைக்கூட மென்றிருக்கின்றன. இதைப் பையனிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பாடு, அடுத்த பத்துக் கேள்வி அதிலிருந்துதான் வரும்.