புதுப்பிப்பு: சாயங்காலக் கட்டன் சாயாவைக் குறைத்த பிறகு

ஆட்டிசம் உள்ள எனக்குச் சாயங்காலம் கட்டன் சாயா (பால் விடாத டீ) குடித்தால் மனசு அடங்குகிறது, ஆனால் ராத்திரி 2 மணி வரை தூக்கமில்லை, என்ன செய்ய என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

பலித்தது, ‘மத்தியானத்துக்கு மேல் காஃபீன் வேண்டாம், ஆனால் ஒரேயடியாக நிறுத்தாதீங்க’ என்ற யோசனைதான். சாயாவில் இருக்கிற, தூக்கத்தை விரட்டும் இந்தக் காஃபீனின் அளவு உடம்பில் பாதியாகவே சுமார் 5 மணி நேரம் ஆகுமாம், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். அரை கிளாஸ், கால் கிளாஸ் என்று இரண்டு வாரத்தில் குறைத்தேன். நடுவில் ஒருநாள் அவசரப்பட்டு முழுசாக விட்டேன், தலைவலி பிளந்துவிட்டது. இப்போது 11 மணிக்கெல்லாம் தூங்கிவிடுகிறேன்.

எதிர்பாராதது: மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டு ஹாரன் சத்தம் முன்புபோல் உலுக்குவதில்லை, நன்றாகத் தூங்குவதால்கூட இருக்கலாம். அப்புறம், எனக்கு வேண்டியிருந்தது சாயாவைவிட அந்தச் சூடான கிளாஸும் அதே 5 மணியும்தான் போல. இப்போது அந்த நேரத்துக்குக் காப்பிப்பொடி போடாத சுக்குக்காப்பி.