கற்றதை எப்போது மறப்பது? ‘ஒருகாலத்தில்’ படும் பாடு

ஏட்டுச்சுவடி:
“உபதேசங்களை உதறினால்தான் தியானம் ஆழப்படும், ரமணரே கற்றதை மறக்கச் சொன்னார்” என்று நேற்று ஒருவர் எழுதியதிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. ரமணரின் ‘நான் யார்?’ நூலில் இருப்பது, கற்றவை அனைத்தையும் “ஒருகாலத்தில் மறக்க வேண்டிவரும்” என்பது. ஒருகாலத்தில்! அந்தச் சொல்லை முழுங்கிவிட்டு ஏப்பம் விட்டால் எப்படி?

வெறுந்தரை:
எழுதியவன் நான்தான், நேராகவே திட்டலாம். புருவ மத்தியில் ஒளி தெரியும் என்ற உபதேசத்தை நம்பி மூன்று வருடம் உட்கார்ந்தேன். கண்ணை மூடியதும் விழி மேலே செருகிக்கொள்ளும், நெற்றி சுருங்கும், எழுந்தால் தலைவலி. “இன்றும் தெரியவில்லை” என்ற ஏக்கம்தான் மிச்சம். ஒருநாள் ஒளியாவது மண்ணாவது என்று விட்டேன். அன்றுதான் மூச்சு குளிர்ந்து நுழைந்து வெதுவெதுப்பாக வெளியேறுவதே மூக்கு நுனியில் தெரிந்தது. எனக்கு அந்த ‘ஒருகாலம்’ வந்தாயிற்று.

ஏட்டுச்சுவடி:
வந்தாயிற்றா! கூடவே ஞானமும் வந்ததா? பிணஞ்சுடு தடி என்கிறது அதே நூல். சிதையைக் கிளறும் தடி கடைசியில்தான் எரியும். பாதி வேகும்போதே தடியை வீசினால் எதை வைத்துக் கிளறுவீர்கள்?

வெறுந்தரை:
அந்த உவமை ‘நான் யார்’ என்னும் நினைவுக்குச் சொன்னது ஐயா. என் நெற்றி ஒளிக்கு அல்ல. இப்போது யார் முழுங்குகிறார்கள்?

ஏட்டுச்சுவடி:
உவமையை விடுங்கள். ‘ஒருகாலத்தில்’ என்பதற்குப் பதில் சொல்லுங்கள். “மறந்துவிடு” என்ற ஏவலும் அங்கே இல்லை, “வேண்டிவரும்” என்றுதான் இருக்கிறது. தமிழ் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும்.

நடுத்திண்ணை:
மஜ்ஜிம நிகாயம் என்ற பௌத்த நூலின் 22-ஆம் சூத்திரத்தில் புத்தரும் தெப்பத்தைச் சுமக்காதே என்கிறார். வெறுந்தரை சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஏட்டுச்சுவடி:
அக்கரை ஏறிய பிறகு சுமக்காதே என்கிறார்! நடு ஆற்றில் இறங்கச் சொன்னாரா? வள்ளுவரும் “பற்றுக பற்றற்றான் பற்றினை” என்று முதலில் பற்றத்தான் சொல்கிறார். பற்று விடுவது அதன் பிறகு.

வெறுந்தரை:
ஓட்டைத் தெப்பமானால் நடு ஆற்றிலும் விடத்தான் வேண்டும். தலைவலி எனக்கா உங்களுக்கா?

மூச்சுக்காற்று:
ஒரு திருத்தம். ரமணர் “சொன்னார்” என்கிறீர்கள். அந்த நூலில் உள்ள கேள்விகளைச் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் கேட்டபோது ரமணர் பேசாமல் எழுதித்தான் பதில் தந்தார்.

ஏட்டுச்சுவடி:
அந்தக் கேள்வி பதில்களின் உரைநடை வடிவத்தை ரமணரே பிற்பாடு எழுதினார், அதுவும் எனக்குத் தெரியும். போன மாதம் என் உரையில் சந்திப்பிழை பிடித்தவர்தானே நீங்கள்? அந்தக் கணக்கை இங்கே தீர்க்க வேண்டாம்.

மூச்சுக்காற்று:
பிழை இருந்தது, பிடித்தேன். இன்னும் திருத்தவில்லை.

நடுத்திண்ணை:
எது உதவாத உபதேசம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதை யாராவது பேசுவீர்களா?

ஏட்டுச்சுவடி:
முதலில் ‘ஒருகாலத்தில்’ முடியட்டும். மூன்று வருடத்தில் வருவதல்ல அந்தக் காலம். நான் இருபது வருடமாக உட்காருகிறேன், எனக்கே வரவில்லை.

வெறுந்தரை:
இருபது வருடமாகத் தடியைக் கட்டிப்பிடித்திருந்தால் எப்படி வரும்? நான் உட்காரப் போகிறேன்.

ஏட்டுச்சுவடி:
போங்கள். பதில் இல்லாதவர்கள் எழுந்து போவது புதிதல்ல. ‘ஒருகாலத்தில்’ அங்கேயேதான் இருக்கிறது.

மூச்சுக்காற்று:
சந்திப்பிழையும்.