ஜப்பானிய மொழியில் பி.ஏ.வா, ஈசிஇ-யோடு சாயந்திர கிளாஸா? அக்கா மகளுக்காகக் கேட்கிறேன்

ஓரகடம்_ரவி:
அக்கா மகள் ப்ளஸ் டூ முடிச்சிட்டா. சியூஇடி நுழைவுத் தேர்வு எழுதி, டெல்லி ஜேஎன்யூவுல பி.ஏ. ஆனர்ஸ் ஜப்பானிய மொழிக்கு இடம் வந்திருக்கு. மாமா கோவையில ஒரு தனியார் கல்லூரியில ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) பேசி வச்சிருக்கார். "ஜப்பானீஸ்தானே, சாயந்திரம் கிளாஸ் போய்க்கட்டும்"ங்கறார். பொண்ணுக்கு மொழி மட்டும் போதாதாம், அந்த நாட்டு வரலாறு, அவங்க கம்பெனி நடத்துற விதம் எல்லாம் படிக்கணுமாம். எல்லாம் அனிமே பைத்தியம்னு மாமா முடிவு கட்டிட்டார். நான் ஓரகடம் பக்கம் ஜப்பான் கம்பெனிகளுக்கு லாரி விடுற ஆள், மொழி ஒரு அட்சரம் தெரியாது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள எங்கேயாவது பணம் கட்டியாகணும்.

டூல்ரூம்_மூர்த்தி:
ரவி சார், மாமா சொல்றதுதான் சரி. நான் ஜப்பான்காரங்களுக்குப் பிரஸ் பார்ட்ஸ் செய்யற இடத்துல டூல்ரூம் பார்க்கறேன். டிராயிங் வரும், ஓரத்துல பொடி எழுத்துல ஜப்பானீஸ்ல குறிப்பு இருக்கும். எந்தப் பக்கம் பர் (வெட்டின விளிம்புல நிக்கற பிசிறு) இருக்கக் கூடாது, ஹார்ட்னஸ் எவ்வளவு, எந்த அளவை நூத்துக்கு நூறு செக் பண்ணணும், எல்லாம் அதுலதான். எங்க இன்டர்பிரட்டர் பொண்ணு வார்த்தைக்கு வார்த்தை சரியா சொல்லிடும். ஆனா அதுல எந்த வரி லைனை நிறுத்தும்னு அதுக்குத் தெரியாது. எங்க டை டிசைனர் ஒருத்தர் தானே படிச்சு, ஜேஎல்பிடிங்கற ஜப்பானிய மொழித் தேர்வுல என்-3 (என்-5 கீழ்ப்படி, என்-1 மேல்படி) பாஸ் பண்ணார். இப்ப ஜப்பான் ஆளோட நேரடியா மல்லுக்கட்டறார். டிரெயினிங்குக்கு நகோயா அனுப்பினது அவரைத்தான். இன்டர்பிரட்டர் இன்னும் கான்ட்ராக்ட்ல இருக்கு. கையில ஒரு தொழில் இருக்கணும், மொழி அதுக்கு மேல சட்டை மாதிரி.

உமா_நிஹோங்கோ:
மூர்த்தி சார், அந்தக் கான்ட்ராக்ட் இன்டர்பிரட்டர் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். டிராயிங் குறிப்புகள் திரும்பத் திரும்ப அதே வாக்கியங்கள்தான். தளத்தில் நின்று பழகினால் சில மாதத்தில் கைவந்துவிடும். கைவராதது வேறு.

ஸ்டீல் விலை ஏறிய சமயம், நான் வேலை பார்த்த இடத்தில் விலை உயர்வு கேட்டு எங்கள் ஜி.எம். பெரிய பிபிடி போட்டார். எதிரே உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் தலையாட்டிக் கேட்டார்கள், ஒரு கேள்வி கூட இல்லை. வெளியே வந்து "முடிஞ்சுது, ஓகே பண்ணிட்டாங்க" என்று கைகொடுத்தார். மாதங்கள் ஓடியும் ஒன்றும் நடக்கவில்லை. அங்கே கூட்டம் என்பது பெரும்பாலும் முடிவு எடுக்கும் இடம் அல்ல. கீழ்நிலை அதிகாரி ஒருவர் ரிங்கிஷோ என்ற ஒப்புதல் தாளைத் தயாரிப்பார், அது பிரிவு பிரிவாகப் போய் ஒவ்வொருவர் முத்திரையும் வாங்கி மேலே ஏறும். தாள் கிளம்பும் முன்பே தனித்தனியாகப் பார்த்துச் சம்மதம் வாங்குவது நெமாவாஷி. இதெல்லாம் எம்.ஏ.வில் நான் தேர்வுக்குப் படித்தது. அடுத்த தடவை ஜி.எம்.மை முதலில் கொள்முதல் பிரிவுத் தலைவரிடம் தனியாக அழைத்துப் போனோம். தாளில் என்னென்ன எண்கள் வேண்டும் என்று அவரே எழுதிக் கொடுத்தார். என்-3 இன்ஜினியர் இதை எங்கே படிப்பார்?

டூல்ரூம்_மூர்த்தி:
மேடம், ஒரு பிபிடி கதைக்காக ஒரு பட்டப்படிப்பா? ரெண்டு தடவை அடிபட்டா எங்க ஜி.எம்.மும் கத்துக்குவார். இப்பல்லாம் போன்லயே மொழிபெயர்ப்பு வருது. வர்ற ஜப்பான்காரரே போனை நீட்டித்தான் டீ கேக்கறார். இந்தப் பொண்ணு படிச்சு வெளிய வர்றப்ப இன்டர்பிரட்டர்னு ஒரு வேலை இருக்குமா?

செந்தமிழ்க்கனி:
தமிழும் ஜப்பானிய மொழியும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று ஓனோ சுசுமு என்ற ஜப்பானியப் பேராசிரியரே எழுதியிருக்கிறார். நமக்கு அது வீட்டு மொழி மாதிரி. இதற்குக் கல்லூரி எதற்கு?

உமா_நிஹோங்கோ:
ஜப்பான் என்று யார் பேச்செடுத்தாலும் ஓனோ வந்துவிடுகிறார்! அவர் கருத்தைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை ஐயா. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். இதனால் வாக்கியம் கட்டுவதில் நம் பிள்ளைகள் கொஞ்சம் வேகமாக ஓடுவார்கள், உண்மைதான். ஆனால் அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு பட்டியலிட்ட 2,136 காஞ்சி (சீனத்திலிருந்து வந்த சித்திர எழுத்து) எழுத்தை எந்த உறவும் சொல்லித் தராது.

மூர்த்தி சார், டீ கேட்கப் போன் போதும். ஒரு லாட் முழுக்கத் திரும்பி வந்து, பணம் யார் தருவது என்ற பேச்சு நடக்கும்போது யாரும் போனை நடுவில் வைப்பதில்லை.

சாயந்திர கிளாஸ் பற்றியும் ஒரு வார்த்தை. ஜேஎல்பிடி ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும், சென்னையிலேயே எழுதலாம். என்-2-வுக்கு 180-க்கு 90 போதும், ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 19 வேண்டும். எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். பேசிக் காட்டவும் வேண்டாம், சொந்தமாக ஒரு வரி எழுதிக் காட்டவும் வேண்டாம். என்-2 சான்றிதழை வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் போனை எடுக்கப் பயப்படுகிறவர்களுக்கு நானே பயிற்சி கொடுத்திருக்கிறேன். ஈசிஇ லேப், இன்டர்னல், அரியர் எல்லாவற்றுக்கும் நடுவில் பெரும்பாலான பிள்ளைகள் என்-4-ல் நின்றுவிடுகிறார்கள்.

பெப்பு_தினேஷ்:
ரெண்டு பேரும் ஓரகடத்தையே சுத்தி வர்றீங்க. நான் படிச்சது ஜப்பான்லயே, பெப்புங்கற ஊர்ல மலை மேல இருக்கற ரிட்சுமெய்கான் ஏபியூ. 2000-ல ஆரம்பிச்ச கல்லூரி, மாணவர்ல பாதிப் பேர் வெளிநாட்டுக்காரங்க. இங்கிலீஷ்ல நிர்வாகவியல் படிச்சுக்கிட்டே ஜப்பானிய மொழியும் கட்டாயம் படிக்கணும்.

அங்க புது பட்டதாரியை எடுக்கும்போது, தொழில்நுட்ப வேலை தவிர மத்ததுக்கு என்ன பாடம் படிச்சேன்னு பெரிசா பார்க்க மாட்டாங்க. மூணாம் வருஷமே வேலை வேட்டை ஆரம்பிச்சிடும். எல்லாரும் ஒரே மாதிரி கறுப்பு சூட்டு. விண்ணப்பத்துல "மாணவப் பருவத்துல எதுல ரொம்ப உழைச்சீங்க"ன்னு ஒரு கட்டம், அதை நிரப்பத்தான் தூக்கம் போகும். அப்புறம் எஸ்பிஐன்னு ஒரு தேர்வு: ஜப்பானிய மொழியறிவும் கணக்கும், நிமிஷத்துக்கு நிமிஷம் கடிகாரம். முறைப்படியான நியமன உறுதி அக்டோபர் 1-ல, வேலை ஏப்ரல் 1-ல. இந்த வண்டியில ஏறணும்னா அங்க படிச்சிருந்தா வசதி. உமா மேடம், டெல்லி பி.ஏ. கடைசியில மொழிபெயர்ப்பு மேசையிலதான் உக்கார வைக்கும்.

உமா_நிஹோங்கோ:
தம்பி, பாதியைத்தான் சொல்கிறீர்கள். ஜப்பானுக்கு வெளியே பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி, பண்பாடு படிக்கிறவர்களுக்கென்றே மெக்ஸ்ட் (ஜப்பான் கல்வி அமைச்சகம்) உதவித்தொகை ஒன்று இருக்கிறது. ஓராண்டு ஜப்பானியப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வரலாம். ஈசிஇ மாணவி அதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. இன்னொன்று: ஜப்பானின் உயர்திறன் விசாவுக்கான புள்ளிக் கணக்கில் என்-1 பாஸ் செய்தவருக்கு 15 புள்ளி. வெளிநாட்டில் ஜப்பானிய மொழியை முதன்மைப் பாடமாகப் படித்த பட்டதாரிக்கும் அதே 15.

பெப்பு_தினேஷ்:
புள்ளி எண்ணுறதுக்கு முன்னாடி கையில வேலை வேணுமே மேடம். சம்பளம், வயசு, அனுபவம் எல்லாம் சேர்த்து 70 வரணும். மொழி மட்டும் 15 குடுத்தா மீதி யார் குடுப்பாங்க?

டூல்ரூம்_மூர்த்தி:
அதைத்தானே நான் முதல்லேர்ந்து சொல்றேன்!

ஓரகடம்_ரவி:
தினேஷ் தம்பி, செலவு எவ்வளவு ஆகும்? மாமா காதுல போடணும்.

பெப்பு_தினேஷ்:
அண்ணா, அரசுப் பல்கலைக்கழகங்கள்ல பெரும்பாலும் வருஷத்துக்கு 5,35,800 யென், சேரும்போது தனியா 2,82,000. தனியார்ல அதுக்கும் மேல, ஆனா ஏபியூல கட்டணக் குறைப்பு உண்டு, நல்ல மார்க் இருந்தா முழுசா கூட. மாணவர் விசாவுல அனுமதி வாங்கி வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை பார்க்கலாம். நான் ராத்திரி கன்வீனியன்ஸ் கடையில நின்னேன். மரியாதை மொழி எனக்கு வகுப்புல வரல, கல்லாப்பெட்டிக்குப் பின்னாடி நின்னப்பதான் வந்துச்சு. ஆனா அதை நம்பி ஃபீஸ் கட்டலாம்னு யாராவது ஏஜென்ட் சொன்னா எழுந்து வந்துடுங்க. வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே அது சரியாப் போகும்.

உமா_நிஹோங்கோ:
ரவி சார், பணத்தைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன்: ஜேஎன்யூவில் கற்பிப்புக் கட்டணம் வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான். ஹாஸ்டல் மெஸ் தனி. கோவைத் தனியார் கல்லூரி கேட்கும் லட்சங்களோடு மாமாவையே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே சேர்ந்தால் விருப்பப் பாடத்தில் பொருளாதாரம் எடுக்கட்டும். வெறும் இலக்கியம் வேண்டாம் என்பதில் மூர்த்தி சாரோடு எனக்குச் சண்டை இல்லை.

டூல்ரூம்_மூர்த்தி:
பொருளாதாரம் எடுத்தா பர் தெரிஞ்சிடுமா? சரி, அனுப்பறதா இருந்தா அனுப்புங்க. ஆனா முதல் லீவுக்கு வர்றப்ப ஏசி ரூம்ல உக்கார வைக்காதீங்க. லாரி விடுறீங்களே, தெரிஞ்ச கம்பெனியில சொல்லி ஒரு மாசம் குவாலிட்டி டேபிள் பக்கத்துல நிக்க வையுங்க. ரிஜெக்ட் டப்பாவுல ஏன் அந்தப் பீஸ் கிடக்குன்னு ஜப்பான்காரருக்கு அவளே சொல்லிப் பார்க்கட்டும். அது வரலேன்னா அவ படிப்பைப் பத்தி நான் சொன்னதுதான் சரி.

ஓரகடம்_ரவி:
ரெண்டு இடத்துல கேட்டுப் பார்க்கறேன் சார். ஃபீஸ் கணக்கை மட்டும் மாமாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்து ஒரு மணி நேரம் ஆச்சு, பதிலைக் காணோம். அக்கா மட்டும் போன் பண்ணி டெல்லிக்கு ரயில் டிக்கெட் எப்ப போடணும்னு கேட்டா.