ஐபிஎஸ் (IBS, எரிச்சல் குடல் தொல்லை) இருப்பவருக்கு க்ளூட்டன் குறைத்த ஆட்டா பயன்படுமா?

கேள்வி:
சப்பாத்தி சாப்பிட்ட சில மணி நேரத்தில் வயிறு உப்பி, இறுக்கிப் பிடிக்கிறது. ஐபிஎஸ் என்கிறார் டாக்டர். க்ளூட்டன் (கோதுமையிலுள்ள புரதம்) குறைத்த ஆட்டா வாங்கலாமா? இல்லை, சாதா ஆட்டாவிலேயே வழி இருக்கிறதா? கோதுமையை அடியோடு விட மனசில்லை.

பதில் 1:
முதலில் சீலியாக் (க்ளூட்டனால் சிறுகுடல் சேதமாகும் நோய்) இல்லை என்று உறுதி செய்யுங்கள். அதற்கான டிடிஜி-ஐஜிஏ (tTG-IgA) என்ற ரத்தப் பரிசோதனையை, மொத்த ஐஜிஏ அளவோடு சேர்த்து, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். நிறுத்திவிட்டு எடுத்தால், நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். எடை இறங்குவது, மலத்தில் ரத்தம், ரத்தசோகை, தூக்கத்தைக் கலைக்கும் பேதி இருந்தால் மாவுப் பேச்சை விட்டுவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.

சீலியாக் இல்லையென்றால் பெரும்பாலும் தொல்லை தருவது க்ளூட்டன் அல்ல, கோதுமையிலுள்ள ஃப்ரக்டான் என்ற ஒரு வகை மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்). அதைச் செரிக்கும் நொதி நம் சிறுகுடலில் கிடையாது. பெருங்குடலில் பாக்டீரியா அதைத் தின்று வாயுவாக்குகிறது. 2018-இல் வெளியான நார்வே ஆய்வில், சீலியாக் இல்லாமலே க்ளூட்டனை விலக்கி வந்த 59 பேருக்கு க்ளூட்டன், ஃப்ரக்டான், இரண்டும் இல்லாதது என மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். அதிகத் தொந்தரவு ஃப்ரக்டானில்தான். ஆக, க்ளூட்டனை மட்டும் குறைத்து ஃப்ரக்டானை விட்டுவைத்த மாவு தண்டச் செலவு. அரிசி மாவு கலந்ததென்றால் இரண்டுமே குறையும்; அதை வீட்டிலேயே கலக்கலாமே.

பதில் 2:
ஃப்ரக்டானைக் குறைக்க ஈஸ்ட் போதும். ஆட்டா 200 கிராம், உப்பு 3 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 கிராம், தண்ணீர் 120 மில்லி. வழக்கத்தைவிடக் கெட்டியாகவே பிசையுங்கள், புளிக்கும்போது தானாக இளகும். மூடி, வெளியிலேயே நாலரை மணி நேரம். பிறகு காற்றை அழுத்தி எடுத்து, 8 உருண்டை.

நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஜெர்மனியின் ஹோஹன்ஹைம் பல்கலைக்கழகம் 2016-இல் அளந்தபோது, ஈஸ்ட் போட்டு ஒரு மணி நேரம் ஊறிய மாவில் ஃப்ரக்டான் போன்ற சத்துகள் உச்சத்தில் இருந்தன. நாலு மணி நேரத்துக்குப் பின் 90 சதவீதம் வரை இறங்கின. அவசர பிரட்டு வயிற்றைப் படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆப்பசோடா உப்ப மட்டும் வைக்கும், ஃப்ரக்டானைத் தொடாது. ஃப்ரிட்ஜில் வைத்தால் ஈஸ்ட் மந்தமாகிவிடும். கோடையில் எட்டு மணி நேரம் விட்டால் மாவு புளித்து, கையில் ஒட்டி, தேய்க்கும்போது கிழியும். அப்படி ஆனதைத் தண்ணீர் விட்டுக் கரைத்து தோசையாக ஊற்றிவிடுங்கள்.

பதில் 3:
மேலே சொன்னதில் ஒரு ஓட்டை: தேய்க்கும்போது தொடும் மாவு. புளிக்காத ஆட்டாவைத் தொட்டால் குறைத்ததில் கொஞ்சம் திரும்பி வரும். அரிசி மாவு தொடுங்கள்.

குருமாவையும் பாருங்கள். வெங்காயம், பூண்டு இரண்டிலும் ஃப்ரக்டான் உண்டு. அது நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் பூண்டை எண்ணெயில் வதக்கி, தண்ணீரோ தக்காளியோ சேர்க்கும் முன் பல் பல்லாக எடுத்துவிட்டால் வாசனை மட்டும் தங்கும். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி.

கேட்டவர்:
சம்பா ரவை உப்புமா?

பதில் 1:
அதுவும் கோதுமைதான், புளிக்கவும் இல்லை. கொஞ்சமாகவே சாப்பிடுங்கள். சப்பாத்தியை ஒன்றிலிருந்து தொடங்கி, மூன்று நாள் சரியாக இருந்தால் இரண்டாக்குங்கள். அந்த நாட்களில் வேறெதையும் மாற்றாதீர்கள், எது காரணம் என்று பிடிபடாது. பரிசோதனையில் சீலியாக் என்று வந்தால் இந்தப் புளிப்புச் சப்பாத்தி கூடவே கூடாது, ஈஸ்ட் க்ளூட்டனை அழிக்காது. மைதா கலந்த கூட்டுப் பெருங்காயத்தையும் அப்போது நிறுத்த வேண்டும்.