உளவியல் ஆய்வில் முதுகலை: புள்ளியியலைச் சமாளிக்க முடியுமா?

மழைத்துளி: இளங்கலை உளவியல் முடித்துவிட்டேன், பயன்பாட்டு உளவியல் ஆய்வில் முதுகலை சேர ரொம்ப ஆசை, ஆனால் புள்ளியியல் என்றாலே கை நடுங்குகிறது. முடித்தால் மருத்துவமனையில் உளவியலாளராகவும் சேரலாமா?

திண்ணை: நானும் அந்தப் பயத்தோடுதான் சேர்ந்தேன். முதலில் ஜாஸ்ப் (JASP) என்ற புள்ளியியல் மென்பொருளில் பழகுங்கள், இலவசம்தான், அப்புறம் ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழி. கணக்கைக் கணினி போட்டுவிடும், எந்தப் புள்ளியியல் சோதனையை ஏன் பயன்படுத்துகிறோம் என்று புரிவதுதான் நம் வேலை. 2015-ல் வெளியான ஒரு பெரிய முயற்சியில் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது பாதிக்கும் குறைவானவையே அதே முடிவைத் தந்தன, அதனால்தான் கருதுகோளையும் மாதிரி அளவையும் (எத்தனை பேரை ஆய்வு செய்வோம் என்பதையும்) முன்பே பதிவுசெய்துவிட்டுத் தொடங்கச் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்த பாடமே அதுதான்.

வேப்பமரம்: இந்தியாவில் மருத்துவ உளவியலாளராக இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு வேண்டும். ஆய்வுப் பட்டம் மட்டும் போதாது, யோசித்துச் சேருங்கள்.

மழைத்துளி: சரி, எனக்கு ஆய்வுதான். இன்றே ஜாஸ்ப் இறக்குகிறேன், நன்றி.